செருப்பில் வெட்டிய புஷ்

அன்புள்ள என் கணவர் க்வாமெனாவுக்கு,

தங்களுக்கு எழுதத் துணிந்தமைக்கு மன்னிக்க வேண்டுகிறேன். நேரில் பேசினால் அழுதுவிடுவேன்.

சோளமாவுக் கெங்கே உருண்டைகளும் பொரித்த மீனும் மூடி வைத்திருக்கிறேன். வேன் சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

என் தாயார் விட்டுச்சென்ற வேனை விற்கமாட்டேன் என்று நான் சொன்ன மறுநாளே அது நின்றது. "கியர்பாக்ஸே போயிடுச்சு அரபா! என் சிநேகிதன் எபோ கேக்குற விலைக்குத் தள்ளிவிட்ருவோம். பள்ளிக்கூடத்து டீச்சர், உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?" என்றீர்கள்.

கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் அரைபடும் சத்தம் கேட்க வேண்டாமா? கியர் ராடு மட்டும் தொளதொளவென்று ஆடியது. பாயை விரித்து வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ராடைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பி கழன்று தொங்கியது. அதன் முனையை இறுக்கிப் பிடிக்கும் சிறு வளையமான ரப்பர் புஷ்ஷைக் காணவில்லை. இன்று துணி துவைக்கும்போது, பிடுங்கியதில் கிழிந்த நிலையில், அது தங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சட்டைப் பையில் கிடைத்தது.

இங்கே ஃபிட்டர்கள் செய்வதுபோல ரப்பர்ச் செருப்பில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். எல்லாக் கியரும் விழுகின்றன. செருப்பு தங்களுடையது, பொறுத்தருள வேண்டும்.

நான் அக்கா வீட்டுக்குச் செல்கிறேன். தங்கள் நண்பர் எபோ வந்தால், வேன் விற்பனைக்கு இல்லை என்று தயைகூர்ந்து சொல்லிவிடுங்கள்.

அரபா

பி.கு.: மீனில் மிளகாய் சற்றுக் கூடிவிட்டது.

இழந்தவை: ஒரு புஷ், தங்கள் இடது செருப்பு, தாங்கள் சொன்னதை அப்படியே நம்பும் என் வழக்கம்.