கோப்பை வைக்கிறவள்

ஜூன் 9

மாண்புமிகு மூக்கு அவர்களுக்கு,

(மரியாதை இத்தோடு முடிந்தது. இனி நீ, வா, போதான்.)

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் தையல் மெஷின் எங்களைவிட நலம், ராத்திரியும் பாடுகிறது. என் போன்தான் அம்மாவின் பீரோவுக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. சேவல் கூவுகிற மாதிரி அலாரம் வைத்து, அதை அப்பாவின் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டேன். அவர் ஓட்டுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, பயணிகள் சீட்டுக்கடியில் எல்லாம் சேவலைத் தேடினார்களாம். அதனால்தான் இந்தப் பேனா, இந்தக் காகிதம், இந்தக் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

கட்டிலில் நீ படுத்த பக்கத்தை, தைத்து முடித்த துணிகளுக்குக் கொடுத்துவிட்டாள் அம்மா. நான் புரண்டால் யாருடையதோ ஒரு சட்டைக்கை என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது.

உனக்கு வைத்த மாதிரி அப்பாவுக்கும் கண்ணைக் கட்டி ஆறு கோப்பை வைத்துப் பார்த்தேன். பென்சில் சீவல், ஷூ பாலிஷ், நனைந்த பள்ளிக்கூடப் பை, எல்லாம் நம் பழைய சரக்குதான். ஆறையும் முகர்ந்துவிட்டு ஆறும் "காப்பி" என்றார்.

அங்கே உனக்கு யார் கோப்பை வைக்கிறார்கள்? யாரும் இல்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை (‘ஒரே’வுக்கு இரண்டு கோடு),
வாலு


ஜூன் 24

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தை ஒயின் முகர்ந்து பார்க்கிற வகுப்பில் படித்து மாட்டிக்கொண்டேன். சேவல் இருந்த இடத்தில் சிரித்துவிட்டேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று திராட்சைகளின் ராஜ்யம்தான். முதலில் பழுப்பது வெள்ளை ரகம். அதற்குக் ‘கண்ணாடி’ என்று பட்டப்பெயர். வெயிலில் தூக்கிப் பிடித்தால் விதை தெரியும். அடுத்தது ‘மெல்லி’. தோல் மெல்லிசு, ஒரு மழை கூடினாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். (யாரோ நினைவுக்கு வருகிறார்கள்.) கடைசியாக ‘மையன்’. தடித்த கறுப்புத் தோல். பறிப்பவர்களின் விரலில் மை கொட்டியது போல் கறை. இந்த ஊரின் பெருமையே அதுதான். ஆற்றோரக் களிமண்ணில் விளைந்த மையனில் செய்த ஒயினில் ஊறிய பிளம் பழ வாசனை. அதே மையன் மேட்டுக் கல் நிலத்தில் விளைந்தால், நம்ப மாட்டாய், பென்சில் சீவல்! முதல் நாள் அதை முகர்ந்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

வாயில் வைத்ததை எல்லாம் வாளியில் துப்பிவிட வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லாதே.

செப்டம்பரில் தேர்வு. ஆறு கிளாஸ் வைப்பார்கள். எந்தத் திராட்சை, எந்த நிலம் என்று சொல்ல வேண்டும். தேறினால் நேராக வீட்டுக்குத்தான். சத்தியம்.

நீ கேட்டதற்குப் பதில்: தோட்டத்து முதலாளியம்மாவின் மகள் வைக்கிறாள். உன் வயதுதான். நேற்று ஈரச் செங்கல்லைச் சுரண்டி ஒரு கோப்பையில் போட்டிருந்தாள். எப்படித்தான் தோன்றுகிறதோ! உனக்கு அவளைப் பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 8

அக்கா,

செங்கல்லா? அடேயப்பா. வீடு கட்டிக் குடியே வந்துவிட்டாள் போலிருக்கிறதே.

எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் இல்லை. மதியச் சாப்பாட்டில் காரம் அதிகம், அவ்வளவுதான்.

துப்புகிற விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "துப்புறதுக்கா இம்புட்டு செலவு பண்ணி அனுப்புனேன்? வாசல்லயே துப்பியிருக்கலாமே"ன்னார்.

இத்துடன் ஒரு டப்பா வருகிறது. செங்கல்காரிக்கு என் அன்பளிப்பு. "ரொம்ப அபூர்வமான வாசனை"யாம், மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, நன்றாக இழுக்கச் சொல்.

வாலு


ஆகஸ்ட் 2

வாலுக்கு,

அநியாயம் பண்ணுகிறாய். அவள் முகர்ந்தாள், தும்மினாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "சாக்ஸ்தானே? ஆனா டீசல் வாசனையும் கலந்திருக்கே. உங்க அப்பா டிரைவரா?" என்றாள். "உங்க தங்கச்சி ரொம்பக் கெட்டிக்காரி" என்று வேறு சொன்னாள். டப்பாவைக் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அதைவிட ஒரு கவலை. மாதிரித் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். இவள் வைக்கும் கோப்பைகளில் ஒன்றுகூடத் தப்புவதில்லை, வகுப்பில் மட்டும் ஏதோ ஒன்று சறுக்குகிறது. எது என்று பயிற்சியாளர் வாயே திறப்பதில்லை. நீ எத்தனை வருஷம் எனக்குக் கோப்பை வைத்தாய்! என்ன தப்பு செய்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு ஒரு யோசனை சொல்லேன்.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்கா,

எனக்கு ஒன்றும் தெரியாது. டீசலையே கண்டுபிடித்த மகாராணியைக் கேள்.

வாலு


ஆகஸ்ட் 13

அக்கா,

முந்தின கடிதம் புளுகு. தபால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பார்த்து, "என்னம்மா, உள்ள போகப் போறியா?"ன்னு கேட்டார்.

சரி, கேள். ஒரே சாமானை இரண்டு கோப்பையில் போட்டு வைப்பேன். எத்தனையோ தடவை. நீ ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. ஆறு கோப்பை என்றால் ஆறு வாசனை இருந்தே ஆக வேண்டும் என்று உனக்கு ஒரு பிடிவாதம். மூன்றாவதை முகர்ந்து "பென்சில் சீவல்" என்பாய். ஐந்தாவதிலும் அதே பென்சில் சீவல்தான் இருக்கும். நீயோ கண்கட்டுக்குள் புருவத்தை நெரித்து, "மழையில நனைஞ்ச தகரக் கூரை" என்று கதை விடுவாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு உருளுவேன். மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கும். நீதான் அதை நம்ப மாட்டாய்.

உன் பயிற்சியாளரும் என் ஜாதி வாலுதான் என்று தோன்றுகிறது.

செங்கல்காரியைத் தினமும் ஒரு ஜோடி வைக்கச் சொல். எந்த இரண்டு என்று இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சில நாள் ஜோடியே இருக்கக் கூடாது, அப்போதுதான் குழம்புவாய். என்னிடம் இருந்த ஒரே வித்தை இது. அவளுக்குக் கொடுக்கும்போது கை கூசுகிறது.

நல்ல மனசு என்று நினைத்து உருகாதே. நீ தேறினால்தானே வீட்டுக்கு வருவாய்? அதற்குத்தான்.

வாலு


செப்டம்பர் 21

என் தங்கமே,

தேறிவிட்டேன்! இரண்டாவதை முகர்ந்தேன்: மேட்டு மையன். ஐந்தாவதை முகர்ந்தேன். தகரக் கூரை, ஈரக் கயிறு என்று மனசு ஓடத் தொடங்கியது. உடனே நீ வாயைப் பொத்திக்கொண்டு உருளுவது கண்ணில் தெரிந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றேன். பயிற்சியாளர் சிரித்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தோம்.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலாளியம்மா என்னை இங்கேயே வேலைக்குக் கேட்டார். அறுவடை, அப்புறம் பீப்பாய்கள். மூன்று வருஷம். சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டு மாடியில் ஒரு அறை தருகிறார்கள்.

சத்தியம் பண்ணியது மறக்கவில்லை. திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


நவம்பர் 4

அக்கா,

இத்தனை நாள் வசவு சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டே நிரப்பலாம். ஆனால் அந்தச் சிரித்த பயிற்சியாளரை நினைத்தால் நடுவில் எனக்கே சிரிப்பு வந்து எல்லாம் கெட்டுப்போகிறது.

அந்தப் பள்ளத்தாக்குக்கு உன்னைத் தூக்கிக் கொடுத்தது நானேதான். இனி யாரைப் போய்த் திட்டுவது?

கட்டிலிலிருந்து துணிகளைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "ஏண்டி?" என்றாள். "அக்கா லீவுக்கு வருவால்ல, அதுவரைக்கும் நான் ரெண்டு பக்கமும் படுத்து சூடு வைக்கணும்" என்றேன். அப்பா தானாகவே வந்து கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆறும் காப்பி என்றார். இந்தத் தடவை ஒன்று நிஜமாகவே காப்பி. ஆள் தேறிவிடுவார்.

செங்கல்காரியிடம் சொல்: ஜோடி வித்தை இனி உன்னிடம் செல்லாது, அவள் வேறு கண்டுபிடிக்கட்டும். என்னிடம் புதிதாக ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சொல்ல மாட்டேன். அது நீ வரும்போது, இங்கே, நம் அடுப்படி மேசையில்.

அந்த டப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல். காலியாக அனுப்பினால் சண்டைக்கு வருவேன். அப்படியே அவள் பிறந்தது எந்த மாதம் என்றும் கேட்டு எழுது. எனக்குப் பிறகு பிறந்தவள் என்றால்தான் கீழே உள்ள கையெழுத்து செல்லும்.

இப்படிக்கு,
உன் மூத்த தங்கை,
வாலு