முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவள்

ஜூலை 8, செவ்வாய்

சிவகுருநாதன் சேர் இன்றைக்கு என் இங்கிலீஷ் மின்னஞ்சலை வாய்விட்டு வாசித்தார். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அசனா, இது வசனமா, கிண்ணியா பஸ்ஸா? வழியில நிண்ட எல்லாரையும் ஏத்திக்கொண்டு போகுது."

நானும் சிரித்தேன். இந்தக் கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. சிரிக்காமல் இருக்க ஏலுமா?

ஜூலை 10, வியாழன்

சிரிப்பு முடிந்தது.

துறைமுகத்துக்கு வெளியே நின்ற கோதுமைக் கப்பலின் கப்டனுக்கு நேற்றுப் பின்னேரம் நான் அனுப்பியது: "Pilot is not available tomorrow morning you can come in." கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கூட்டிவரப் பைலட் இப்போது இல்லை, நாளைக் காலை வாங்கோ - இதுதான் என் மனசில் இருந்தது. அந்த மனுசன் வாசித்ததோ, 'நாளைக் காலை பைலட் இல்லை. நீங்கள் உள்ளே வரலாம்.' உடனே நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். பைலட் இல்லாமல்! துறைமுகக் கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் கத்தி நிறுத்தியதாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சேர் ஏசவில்லை. "இனி உங்கட பக்கத்து மேசை நிரோஜினி எழுதட்டும். நீங்கள் ஃபைல் அடுக்குங்கோ."

ஏசியிருக்கலாம்.

ஒரு புள்ளி. ஒரேயொரு புள்ளி! எங்க வச்சனான் என்ர புத்திய?

ஜூலை 11

ஃபைல் அடுக்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெட்கத்தை விட்டு நிரோஜினிக்குப் போன் எடுத்தேன்.

"ஆர் செய்தது, என்ன செய்தது - ரெண்டும் வந்திட்டா வசனம் முடிஞ்சுது. அடுத்தது தொடங்கினா, புள்ளி வை. இல்லாட்டி and, so, because எண்டு ஒரு சொல்லால கட்டு. தனிக் கமாவால கட்ட ஏலாதடி."

தமிழில் என்றால் எழும்பி, சமைத்து, பஸ் பிடித்து, மழையில் நனைந்து, வந்து ஏச்சு வாங்கினேன் என்று ஒரே ஓட்டமாக ஓடலாம். அந்தத் துணிவில்தான் இங்கிலீஷிலும் ஓடியிருக்கிறேன். பழைய மின்னஞ்சல்களைத் திறந்தேன். ஒன்றில் கப்டன், தண்ணீர்ப் படகு, சுங்க அதிகாரி, என் தடிமன் காய்ச்சல் எல்லாரும் ஒரே வசனத்துக்குள் நெருங்கி நின்றார்கள்.

ஜூலை 16

என் கணவர் றுவைஸ் கேட்கிறார்: "இப்ப நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைக்கிறாய். என்னோட கோவமோ?"

ஜூலை 22, செவ்வாய்

நிரோஜினி லீவு. சேர் கொழும்பில். அப்பதான் வரோணுமா இது?

வெளியே நின்ற இன்னொரு கப்பலில் ஒரு மாலுமி ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், முதுகில் அடி. துறைமுக டொக்டர் போனில், "நான் வரும்வரை ஆளை அசைக்க வேண்டாம்" என்றார். ரேடியோவில் ஒரே இரைச்சல். "எழுதி அனுப்பு" என்று மட்டும் கப்டனின் குரல் கேட்டது.

முதலில் எழுதியதில், பழக்கதோஷம், மூன்று வசனங்கள் கை கோத்துக்கொண்டு நின்றன. அசைக்கலாமா, கூடாதா என்று எனக்கே விளங்கவில்லை. பிரித்தேன். அவரை அசைக்க வேண்டாம், புள்ளி. டொக்டர் படகில் வருகிறார், புள்ளி. ஏணியை இறக்கி வையுங்கள், புள்ளி. சின்னப்பிள்ளை எழுதியது போல இருந்தது. அனுப்பினேன்.

பிறகு கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஜூலை 25, வெள்ளி

மாலுமிக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. நடப்பாராம். அசைத்திருந்தால் கஷ்டம் என்றாராம் டொக்டர்.

பின்னேரம் சேர் தான் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். சொல்லலாமா, விடலாமா?

"சேர், இந்த வசனத்துக்குள்ள ரெண்டு வசனம் இருக்கு."

"ரெண்டோ?" கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "எங்க, காட்டுங்கோ."