இரண்டு கோடி இலக்கங்கள்

அன்புள்ள டீச்சரம்மா,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நான் ஏசி பராமரிக்கும் கூடத்தில், இரண்டு கோடி இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று கம்ப்யூட்டர்கள் நாற்பது நாளாகச் சோதித்தன. கடைசி நாளன்று பார்த்து ஏசி படுத்துவிட்டது.

“கம்ப்யூட்டரெல்லாம் சூடாகுதே, நிறுத்திடலாமா?” என்றார் சோதனையை நடத்தும் பேராசிரியர்.

“அரை மணி குடுங்க சார்” என்று மோட்டாரை மாற்றிவிட்டேன். கையில் சின்னக் கொப்புளம், பயப்படாதே.

சாயங்காலமே முடிவு வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் அது மீதியில்லாமல் வகுபடாது!

ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பட்டியலில் என்னை எப்படிக் குறிப்பிடுவது என்று பேராசிரியர் கேட்டார். கணக்கில் இருமுறை கோட்டைவிட்டவன், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதையே கீழே எழுதியிருக்கிறேன்.

கூடத்தில் குளிர் அதிகம். நீ போட்டுக்கொள்ளும் என் பழைய ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்பு. கூப்பிடுகிறார்கள்.

அவசரமாக,
கணக்கு டீச்சர் வீட்டுக்காரர்