கல்லறையில் ஊற்றிய இளநீர்

2 நவம்பர் 1931, திங்கள்

இன்று மரித்தோர் திருநாள். அம்பிட்டியக் கல்லறையில் என் கணவருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். எனக்காகச் சைவத்தை விட்டு வேதத்தில் சேர்ந்தவர், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே கண்ணை மூடிவிட்டார். பாவம் தீரும்வரை உத்தரிக்கிற நெருப்பில் கிடக்கிறாரோ என்ற பயம் இன்னும் ஓயவில்லை.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய அக்காவும் நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தாள். அவளிடம் என் பயத்தைச் சொன்னேன்.

"நெருப்பாவது ஒன்னாவது! எந்தம்பி இந்நேரம் எங்கயோ பொறந்து தவழ்ந்துக்கிட்டு இருப்பான்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளோ பையிலிருந்த இளநீரைச் சீவி, கல்லறை மண்ணில் மெல்ல ஊற்றினாள்.

"இது எதுக்கு மதினி?"

"ஒருவேள நீ சொல்றது நெசமா இருந்தா? அவனுக்குத் தாகமா இருக்கும்ல."

இரவு ஜெபத்தில் நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: ஆண்டவரே, அவர் எங்காவது பிறந்திருந்தால், அந்தத் தாய்க்குப் பால் வற்றக்கூடாது.