மஞ்சள் வச்ச சட்டை

16 அக்டோபர் 1996, புதன்

தூக்கம் வரல. பழைய துணி விக்கிற பண்டல் கடைகளைப் பத்தி எங்க குரூப் டாக்குமெண்டரி எடுக்குது. ஞாயித்துக்கிழமை குமார் தனியா கிள்ளானுக்குப் போய் எடுத்த டேப்பை இன்னிக்குக் காலேஜ்ல போட்டுப் பார்த்தோம்.

ஒரு அம்மா துணிக் குவியலைக் கிளறிக்கிட்டே பேசுறாங்க. "மகளுக்குத்தான் தம்பி. துவைச்சு, அயர்ன் பண்ணி, ஓரத்துல மஞ்சள் வச்சுக் குடுத்துடுவேன். புதுசுன்னே நெனச்சுக்கிட்டிருக்கா." சிரிக்கிறாங்க. அப்புறம் கேக்குறாங்க, "மூஞ்சி தெரியாதுல்ல?"

"தெரியாது ஆன்டி."

முழுசாத் தெரியுது. என் அம்மா. அன்னிக்குக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பினவங்க.

எல்லாரும் கை தட்டினாங்க. "இதான் லா ஓப்பனிங்"னான் குமார். சவுண்டு சரியில்ல, வெட்டிடலாம்னேன். "உனக்கென்ன பைத்தியமா?"ன்னான். அது யாருன்னு அவனுக்குத் தெரியாது. அம்மா புதுசுன்னு குடுத்து நான் போட்டிருந்த நீலச் சட்டை மேல ஃபைலை அணைச்சுப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை படம் போடுறோம். வீட்டு ஆளுங்களும் வரலாம். அம்மா வரேன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்குக் குமார் கால்ல விழுந்தாவது வெட்டச் சொல்லணும். ஏன்னு கேப்பானே.

இப்பத்தான் அம்மா ரூமுக்கு வந்துட்டுப் போனாங்க. கையில ஒரு ரோஸ் கலர் சட்டை.

"படம் போடுற அன்னிக்குப் போட்டுக்கம்மா. புதுசு."

மடியில வச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன். மஞ்சள் இன்னும் காயல. விரல்ல ஒட்டுது.