ஐந்தாவதாகச் சேர்ந்தவளின் பணியிடை நீக்கம்

அனுப்புநர்:
காஜா பிரிவுத் தொழிலாளி (பணியிடை நீக்கத்தில்),
ஆயத்த ஆடை ஆலை.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் துறை அலுவலகம்.

பொருள்: மயங்கி விழுந்தவரைத் தூக்கியதைச் சட்டவிரோதக் கூட்டம் எனக் கருதி வழங்கிய பணியிடை நீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் ஆலையைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் கப்பலேறிப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. அவர் எழுதிய நிலையாணைகள் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாசலில் தொங்குகின்றன. வேலை நேரத்தில் நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது என்பது அவற்றில் ஒன்று. துரைக்கு எங்களைக் கண்டு அவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

2. சென்ற மாதக் கடைசியில் வெக்கை தாங்காமல் எங்கள் மேற்பார்வையாளர் மயங்கி விழுந்தார். ஆள் நல்ல கனம். அயர்ன் போடும் இருவரும் துணி வெட்டும் இருவரும் கைக்கொருவர் காலுக்கொருவராகத் தூக்கினார்கள். தலை தொங்கியது. தாங்கிப் பிடித்தது நான். அந்தத் தலையால்தான் நாங்கள் ஐவரானோம்.

3. நால்வர் குற்றமற்றவர்கள், ஐந்தாவதாகச் சேர்ந்து கூட்டத்தைச் சட்டவிரோதமாக்கியவள் நானே என்று மேலாளர் முடிவு செய்தார். என்மீதான புகார் அறிக்கையில் கையெழுத்திட்டவர், மயக்கம் தெளிந்த அதே மேற்பார்வையாளர். அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நீங்க பிடிக்கலேன்னா என் மண்டை உடைஞ்சிருக்கும். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே, நான் என்ன பண்ண?" என்றார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. என் கணவர்தான் தண்ணீர் கொடுக்கவே யோசித்தார்.

4. இனி எவருடனும் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே வேலை என்கிறார் மேலாளர். எங்கள் வீட்டு அடுப்பு என் காஜா மெஷினை நம்பித்தான் எரிகிறது. ஆயினும் எழுத மனம் வரவில்லை. அமைதியாகக் கூடவும் சங்கம் அமைக்கவும் அரசியலமைப்புச் சட்டம் உரிமை தந்திருக்கிறதே என்று பணிவுடன் கேட்டேன். அது நாட்டுக்கு, இது ஆலைக்கு என்றார். எங்கள் ஆலை எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத் தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

5. சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்பதும் துரைமார் காலத்துச் சட்டமே என அறிகிறேன். ஏழு பேர் சேரலாம் என்று ஒரு கையாலும், நால்வருக்கு மேல் நிற்காதே என்று மறு கையாலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே பேருந்து நிறுத்தத்தில் கூடி எழுவரானோம். பதிவு விண்ணப்பம் இத்துடன் உள்ளது. மேற்பார்வையாளரும் சேரக் கேட்டிருக்கிறார். யோசிக்கிறோம்.

என் பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, அந்த விதியையும் நீக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை தினமும் வேலை நேரத்துக்கு ஆலை வாசலில் வந்து நிற்பேன். நான் தனியாகத்தான் வருகிறேன். மற்றவர்கள் தாமாகவே வந்து பக்கத்தில் நிற்கிறார்கள்.

இடம்: ஆலை வாசல்
நாள்: திங்கட்கிழமை, முதல் ஷிப்டு தொடங்கும் நேரம்

இப்படிக்கு,
(கையெழுத்து)
காஜா பிரிவுத் தொழிலாளி