ஒரு வருடமாக யாரும் தொடாதவை

1989 மார்ச் 6, திங்கள்
ஆலங்கட்டி மழை. நான் குடியிருக்கும் இஷொயிலிருந்து வரும் ரயில் தாமதம். ஆனாலும் நல்ல நாள்! அகதிகள் உதவி அலுவலகத்தில் என் புரோகிராம் ஏற்றியாயிற்று. கொம்பியூட்டரில் இடமில்லை. ஒரு வருடமாக யாரும் தொடாத கோப்புகளை இனி வெள்ளி மாலை நான்குக்கு அதுவே அழிக்கும். விதி என் யோசனை! பொறுப்பாளர் கிர்ஸ்டன் கேக் வாங்கித் தந்தாள். எனக்கு இரண்டு துண்டு.

திங்கள் வழக்கப்படி மனைவி றெஜினாவின் கோப்பைத் திறந்து ஒரு வரி: "இன்றும் பதில் இல்லை." மன்னாரிலிருந்து அவளை அழைக்க விண்ணப்பித்துப் பதினேழு மாதம்.

மார்ச் 8, புதன்
சோதனை ஓட்டம். அழியப்போகும் கோப்புகளின் பட்டியல் அச்சில். முதலில் ஓர் ஈரானியர், வீடு கிடைத்தது, முடிந்த விஷயம். பிறகு என்னைப்போல் காத்திருக்கும் செல்வராசாவின் மனைவி. மீன் தொழிற்சாலை யோகனின் மனைவி, இரண்டு பிள்ளைகள். அடுத்த பக்கமும் எங்கள் ஆட்கள்தான்.

இவர்களின் விண்ணப்பங்களுக்கு அமைச்சு பதில் சொல்லவில்லை, அதனால் கோப்புகளை யாரும் தொடவில்லை. என் மடத்தனமான விதிக்கு அது முடிந்த கதை. காகிதப் பிரதிகளைப் போன வருடமே கிழித்துவிட்டோம்.

றெ. பட்டியலில் இல்லை. திங்கள்தோறும் எழுதிய அந்த வரி காப்பாற்றியிருக்கிறது. வெட்கம்.

யோகனுக்குப் போன்.
"அண்ணை, என்ரை மனுசியின்ரை பேரும் அதிலையோ?"
"ஓம். அழிய விடமாட்டன்."
"வெள்ளிக்கிழமை நானும் வாறன்."

மார்ச் 10, வெள்ளி
விதி மாற்றம்: பதில் வந்து ஒரு வருடம் ஆன பிறகே அழிக்கலாம். பதில் வராததைத் தொடக்கூடாது.

கிர்ஸ்டன் பட்டியலைப் பார்த்தாள். "இந்தக் குடும்பங்களில் ஒன்றுக்குமா பதில் இல்லை?" "ஒன்றுக்கும்." அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யோகனுக்குப் புது விதியில் நம்பிக்கையில்லை. பக்கத்தில் கதிரை போட்டு, ஒவ்வொரு கோப்பையும் திறந்து வரி எழுதவைத்தான்.

4.00. இயந்திரம் கரகரத்தது. 4.03. ஈரானியர் போய்விட்டார். எங்களுடையவை எல்லாம் இருக்கின்றன! இரண்டு தரம் எண்ணினோம். யோகன் கிர்ஸ்டனைக் கட்டிப்பிடித்து, பிறகு மன்னிப்புக் கேட்டான்.

மே 22, திங்கள்
வெயில். வாங்க வேண்டியவை: தலையணை, மிளகாய்த்தூள், பெரிய சட்டி.

றெஜினாவுக்கு அனுமதி!! கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். நம்பாமல் கிர்ஸ்டனையும் வாசிக்கச் சொன்னேன்.

யோகனுக்குப் போன். "எனக்கும் வரும் எல்லோ, அண்ணை?" "வரும்."

றெ. கோப்பில் பதில் வந்த தேதியைப் போட்டேன். அடுத்த மே மாதம் ஒரு வெள்ளி நான்கு மணிக்கு அழிந்துவிடும். அழியட்டும்!

பிறகு யோகனுடையதைத் திறந்து ஒரு வரி: இன்றும் பதில் இல்லை.